குளிர் நாட்டில் இனிப்பு மக்காச்சோளமும் இளம் பழமரங்களும்

பழத்தோட்டம் வைக்கும் குடியானவனுக்கு இரண்டு கவலைகள் உண்டு. கன்று நட்ட நாள் முதல் முதற்பலன் காணும் நாள் வரையில் குடும்பச் செலவுக்கு வழி யாது என்பது ஒன்று. அத்தனை வருஷங்கள் காத்திருந்த கன்று, காய்க்கத் தொடங்கும் தறுவாயில் பட்டுப்போகாமல் காப்பது எவ்வாறு என்பது மற்றொன்று. கடன் வாங்கித் தோட்டம் வைத்தவனுக்கு இவ்விரு கவலைகளும் இன்னும் அதிகம். மரம் காய்க்கும் வரையில் தவணை நாள் காத்திராது.

குளிர் நாடுகளில் இரண்டாவது கவலையே பெரிது. அங்கே மரத்துக்குச் சத்துரு குளிர்தான் என்று எவரும் நினைப்பது இயல்பு. ஆயினும் அந்நாட்டுக் குடியானவர்கள் நீண்ட அனுபவத்தில் கண்ட உண்மை வேறு. நாட்டுக்கேற்ற ஜாதி மரமாயின் கடுங்குளிரையும் அது பெரும்பாலும் தாங்கிவிடுகிறது. இளமரத்தைக் கொல்பவை குளிர்காலத்துப் பகல் வெயில், பனிக்கு அடியில் மறைந்து வரும் எலி, காலந் தவறி இட்ட உரம் ஆகியவையே. இம்மூன்றையும் சொற்பச் செலவில் முன்கூட்டியே தடுக்கலாம். முதற்கவலைக்கு மருந்தாக, மூன்றே மாதத்தில் பணமாகும் இனிப்பு மக்காச்சோளத்தை மரவரிசைகளின் நடுவே பயிரிடலாம். இவ்விரண்டும் ஒரே நிலத்தில் நடைபெறும் விதத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மினசோட்டாவின் சீதோஷ்ணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்தில், கானடாவின் எல்லையை ஒட்டியுள்ளது மினசோட்டா ராஜ்யம். அதன் பெருநகரமாகிய மினியாபொலிஸ் பூமத்தியரேகைக்கு வடக்கே 45ஆவது பாகையில் அமைந்தது. அங்கே நவம்பர் முதல் மார்ச்சு வரையில் நிலம் பெரும்பாலும் வெண்பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். மண்ணே உறைந்து பாறைபோல் இறுகிவிடும். பனிப்போர்வை இல்லாத இடங்களில் மூன்று அடிக்கு மேலும் உறைவது உண்டு. 1996ஆம் வருஷம் பிப்ரவரி 2ந் தேதியன்று வடபாகத்திலுள்ள டவர் என்னும் ஊருக்கருகில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே செண்டிகிரேடு 51 டிகிரி வரையில் இறங்கியது.

உறைபனி இல்லாத நாட்கள் தென்பாகத்தில் ஏறக்குறைய 150. வடபாகத்தில் 100 நாட்களும் அதற்குக் குறைவுமாம். வருஷப் பயிர் எதுவாயினும் இக்குறுகிய காலத்துக்குள் விதைத்து அறுத்துக்கொள்ள வேண்டும். மரமோ வருஷம் முழுவதும் நிலத்திலேயே நிற்பது. அறுவடை செய்து வீட்டுக்குள் கொண்டுபோக இயலாத பொருள் ஆதலால், அதனைக் காக்கும் வழியை அந்நாட்டார் மிகுந்த பிரயாசையுடன் தேட நேர்ந்தது.

எட்டு டாலர் விதை

இதற்கு ஒருவருடைய சரித்திரமே போதிய சான்றாகும். பீட்டர் கிடியன் என்பவர் 1853ஆம் வருஷத்தில் மினசோட்டாவுக்குக் குடியேறி, மின்னடோங்கா ஏரிக்கரையில் நிலம் பெற்று ஆப்பிள் கன்றுகளும் வேறு பழக்கன்றுகளும் நட்டார். விதையும் ஏராளமாக விதைத்தார். குளிர்காலந்தோறும் அவை ஒவ்வொன்றாக மாண்டன. சுமார் பத்து வருஷங்களின் முடிவில், சிறுகாய் ஜாதியைச் சேர்ந்த ஒரேயொரு ஆப்பிள் மரமே உயிருடன் எஞ்சியது.

குளிர்காலம் நெருங்கிற்று, கையில் இருந்தது எட்டு டாலர். அதைக்கொண்டு தமக்கு ஒரு மேலங்கி வாங்குவதா, மறுபடியும் விதை வாங்குவதா என்ற நிலையில், அவர் விதைக்கே பணம் அனுப்பினார் என்றும், பழைய துணிகளைக் கூட்டித் தைத்து அணிந்து அக்குளிர்காலத்தைக் கழித்தார் என்றும் அவருடைய சரித்திரம் கூறுகிறது. கீழ்க்கரை ராஜ்யமாகிய மேய்னிலுள்ள பாங்கர் நகரிலிருந்து அவ்விதை வந்தது. அதில் முளைத்த ஒரு மரம் குளிரைத் தாங்கி நின்று 1868ஆம் வருஷத்தில் நல்ல பழம் தந்தது. தம் மனைவியின் பெயரையே அதற்கு இட்டு, கிடியன் அதனை ‘வெல்தி’ என்று அழைத்தார். அச்சொல்லுக்குச் செல்வமுடையது என்ற பொருளும் உண்டு. மினசோட்டாவில் விற்பனைக்கு ஏற்ற ஆப்பிள் விளையும் என்பதை முதன்முதலில் நிலைநாட்டியது அம்மரமே.

அவ்வழியைப் பின்பற்றி மினசோட்டா சர்வகலாசாலையார் 1908ஆம் வருஷத்தில் பழமர ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றைத் தொடங்கினர். அங்கிருந்து 1922ஆம் வருஷத்தில் ஹாரல்சன் என்னும் ஜாதியும், 1991ஆம் வருஷத்தில் ஹனிகிரிஸ்ப் என்னும் ஜாதியும் வெளிவந்தன. ஹனிகிரிஸ்பின் தாய்மரம் ஒரு குளிர்காலத்தில் சேதமுற்று, கழித்துவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள் சில எஞ்சியிருந்தமையால்தான் அந்த ஜாதி பிழைத்தது. 2006ஆம் வருஷத்தில் அதுவே அந்த ராஜ்யத்தின் சின்னப் பழமாயிற்று.

ஆகவே, முதல் விதி நாட்டுக்கேற்ற ஜாதியைத் தேர்ந்தெடுப்பது. ஒட்டுக்கன்றாயின் மேற்கிளை மாத்திரமன்றி அடிவேரும் குளிரைத் தாங்கும் ஜாதியாக இருத்தல் அவசியம். ருஷ்யாவின் அந்தோனவ்கா ஆப்பிளின் விதைக்கன்றுகள் இதற்கு மிகவும் பேர்பெற்றவை. ஜாதி தவறினால் பின்னால் செய்யும் பராமரிப்பு அனைத்தும் வீணாகும்.

காத்திருக்கும் காலத்துப் பயிர்

குட்டை வேரில் ஒட்டிய ஆப்பிள் இரண்டு மூன்று வருஷங்களில் காய்க்கக் கூடும். பெருமரமாக வளர்வது ஆறு, எட்டு வருஷம் வரையில் காத்திருக்கச் செய்யும். அக்காலத்தில் வரிசைகளுக்கு இடையிலுள்ள நிலத்தைச் சும்மா போடாமல், களை எடுத்துப் பண்படுத்தும் பயிர்களை விளைவிப்பது அந்நாட்டு வழக்கம். அவற்றுள் இனிப்பு மக்காச்சோளம் முக்கியமானது. மினசோட்டாவில் இது வீட்டுத் தோட்டத்துப் பயிர் மாத்திரமன்று. தகரக் குப்பிகளில் அடைத்து விற்கும் தொழிலுக்காகவும் பெருமளவில் விளைவிக்கப்படுகிறது. லெ சூயர் என்னும் ஊரில் 1903ஆம் வருஷத்திலேயே இதற்கென ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது.

சாதாரண மக்காச்சோளத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் சொற்பமே. இலையில் உண்டாகும் சர்க்கரை தானியத்துக்குச் சென்று மாப்பொருளாக மாறுவது சாதாரணச் சோளத்தின் இயல்பு. இனிப்புச் சோளத்தில் ஒரு பிறவிக்குணம் அம்மாற்றத்தைத் தடுப்பதனால், பால் பிடிக்கும் பருவத்தில் மணியில் சர்க்கரை மிகுதியாகத் தங்குகிறது. முற்றிக் காய்ந்தால் மாப்பொருள் குறைந்த மணி சுருங்கி விடும். இனிப்புச் சோள விதை சுருக்கம் விழுந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

முற்காலத்தில் அமெரிக்க ஜனங்கள் வெள்ளைச் சோளத்தையே மேசைக்கு ஏற்றதென்று எண்ணி, மஞ்சள் சோளத்தைக் கால்நடைகளுக்கு உரியதாகக் கருதி வந்தனர். 1902ஆம் வருஷத்தில் ‘கோல்டன் பாண்டம்’ என்னும் மஞ்சள் ஜாதி விற்பனைக்கு வந்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. அது குட்டையாக வளர்வது, சீக்கிரம் கதிர் ஈனுவது, மிகவும் இனிப்பது. வெயிற்காலம் குறுகிய நாட்டுக்கு இக்குணங்கள் மூன்றும் பொருத்தமானவை.

இக்காலத்தில் ‘மிகு இனிப்பு’ என்னும் வகைகளும் உள. இவற்றின் கதிர் பறித்தபின் சில நாள் வரையில் இனிப்புக் கெடாது. ஆயினும் விதையில் உணவுச் சத்து குறைவாதலால், குளிர்ந்த மண்ணில் முளைக்காமல் அழுகிவிடும். பழைய வகைகளோ சிறிது குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும். ஆகையால் முதல் விதைப்புக்குப் பழைய வகையையும், மண் நன்றாகச் சூடேறியபின் மிகு இனிப்பு வகையையும் உபயோகிப்பதே நலம்.

விதைக்கும் காலமும் முறையும்

விதைக்கும் நாளைப் பஞ்சாங்கம் நிச்சயிப்பதில்லை. மண்ணின் சூடே நிச்சயிக்கிறது. விதை விழும் ஆழத்தில் காலை வேளையில் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தால் பழைய வகைக்குக் குறைந்தபட்சம் செண்டிகிரேடு 10 டிகிரியும், மிகு இனிப்பு வகைக்கு 16 முதல் 18 டிகிரியும் இருத்தல் வேண்டும். உஷ்ணமானி இல்லாத காலத்தில் மரஞ்செடிகளே அவ்வேலையைச் செய்தன. மினசோட்டாவுக்கு மேற்கே மிசௌரி நதிக்கரையில் வாழும் ஹிடாட்சா என்னும் பூர்வகுடியினர், கூஸ்பெரி என்னும் காட்டு முட்செடி இலைவிடுவதைக் கண்டு மக்காச்சோளம் விதைத்தனர். அக்குலத்து மாது ஒருத்தி எடுத்துரைத்த விவசாய முறைகள் 1917ஆம் வருஷத்தில் நூலாக வெளிவந்தன. அதில் இச்செய்தியும் காணப்படுகிறது.

குளிர்ந்த மண்ணில் ஓர் அங்குல ஆழத்திலும், சூடேறிய மண்ணில் ஒன்றரை முதல் இரண்டு அங்குல ஆழத்திலும் விதையை ஊன்றலாம். வரிசைக்கு வரிசை இரண்டரை முதல் மூன்று அடியும், செடிக்குச் செடி 8 முதல் 12 அங்குலமும் இடைவெளி விடவேண்டும். நன்றாக மட்கிய தொழு உரம் முன்னரே இடுவது அவசியம். செடி முழங்கால் உயரம் வளரும்போது தழைச்சத்து உரத்தைச் சோள வரிசைக்கு மாத்திரம் மேலுரமாக இடவேண்டும். வேர்கள் மேலாகப் படர்வதால் களைக்கொத்து ஆழமாகச் செல்லலாகாது.

முளைத்தபின் ஓரிரவு உறைபனி விழுந்து இலைகள் கருகினால் குடியானவன் மனமுடைந்து உடனே உழுதுவிடக்கூடாது. இளம்பயிரின் வளரும் குருத்து, ஐந்தாறு இலை விடும் வரையில் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பனி இலேசானதாயின், சில நாட்களில் புதிய இலை தோன்றும். தோன்றாவிடின் மறு விதைப்புச் செய்யலாம்.

மரவரிசையின் நடுவே விதைக்கும்போது ஒவ்வொரு கன்றைச் சுற்றிலும் குறைந்தது நான்கைந்து அடி நிலத்தை விட்டுவிடுதல் வேண்டும். சோளம் உரத்தையும் நீரையும் மிகுதியாக உண்ணும் பயிர். மிக நெருங்கி நின்றால் கன்றின் பங்கையும் அது எடுத்துக்கொள்ளும்; நிழலாலும் கெடுக்கும். மரத்தின் கிளைகள் பரவத் தொடங்கிய வருஷத்தில் இடைப்பயிரை நிறுத்திவிட வேண்டும். வரும்படி தருகிறதென்று அப்பாலும் நீடிப்பவன், வாடகைக்கு ஆசைப்பட்டு வீட்டை இழப்பவனுக்கு ஒப்பாவான்.

மகரந்தத்துக்கு வேலி இல்லை

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண்பூவும், இடையில் கதிரும் தோன்றுகின்றன. கதிர் நுனியில் தொங்கும் பட்டுப்போன்ற ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மணிக்கு உரியது. காற்றில் வரும் மகரந்தம் எந்த நூலில் படவில்லையோ, அந்த மணி பிடிக்காது. ஒரே நீண்ட வரிசையாக விதைத்தால் மகரந்தம் காற்றோடு போய் விடும், கதிர் பொக்கையாகும். ஆகவே குறைந்தது நான்கு வரிசைகளைச் சேர்த்துச் சதுரமாக விதைக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான செய்தி மற்றொன்று உண்டு. அயல் நிலத்தில் தீவனத்துக்கான சாதாரணச் சோளம் அதே சமயத்தில் பூத்து, அதன் மகரந்தம் இனிப்புச் சோளத்தின்மேல் விழுமாயின், அவ்வருஷத்துக் கதிரிலேயே மணிகள் இனிப்புக் குன்றி மாவாகிவிடும். மிகு இனிப்பு வகையும் பழைய வகையும் தம்முள் கலந்தாலும் இதே கதிதான். இரண்டுக்கும் இடையே குறைந்தது 250 அடி தூரமாவது, பூக்கும் காலத்தில் இரண்டு வார வித்தியாசமாவது இருக்க வேண்டும். தூரம் அதிகமாயின் இன்னும் நன்று.

இதனை ஒருவர் தனியே செய்துகொள்ள முடியாது. ஒருவன் எவ்வளவு கவனமாக விதைத்தாலும், அவனுக்குச் சொல்லாமல் அயலான் விதைத்துவிட்டால் பயன் இல்லை. எவர் எந்த வகையை எந்த வாரத்தில் விதைப்பது என்று விதைப்புக்கு முன்னரே கூடிப் பேசி முடிவு செய்துகொள்வதே இதற்கு வழி. ஐக்கிய சங்கம் பணத்துக்கு மாத்திரமன்றிப் பயிரின் குணத்துக்கும் காவலாவதை இதில் காணலாம். அவ்வாறே, பத்து நாட்களுக்கு ஒருமுறையாகப் பங்கிட்டு விதைத்தால் எல்லோருடைய கதிரும் ஒரே நாளில் சந்தைக்கு வந்து விலை வீழ்வதும் தடைப்படும்.

கதிர் பறிக்கும் பருவம்

பட்டுநூல் தோன்றிய 18 முதல் 24 நாட்களில் கதிர் பறிக்கத்தக்கதாகும். நூல் காய்ந்து கபில நிறமடைந்திருக்கும்; மடல் மாத்திரம் பச்சையாகவே இருக்கும். மடலைச் சிறிது விலக்கி மணியை நகத்தால் கீறினால், நீர் வந்தால் இளசு, பால் வந்தால் பருவம், மாவு வந்தால் முற்றல் என்று அறியலாம். பருவம் சில நாட்களே நிற்கும்.

பறித்தபின் காலதாமதம் கூடாது. செண்டிகிரேடு 30 டிகிரி உஷ்ணத்தில் வைத்தால் பழைய வகைக் கதிர் ஒரே நாளில் தன் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். பனிக்கட்டியின் குளிர்ச்சியில் வைத்தால் இழப்பு மிகச் சொற்பமே. ஆகையால் வெயில் ஏறுமுன் பறித்து, உடனே குளிர்ந்த நீரில் நனைத்து, நிழலில் வைத்து அன்றைக்கே அனுப்புவது வழக்கம். பலர் கூடி ஒரே வண்டியில் விடியற்காலையில் அனுப்புவார்களாயின், தனித்தனியே செல்வதிலும் சரக்கு நயமாகவும் செலவு குறைவாகவும் இருக்கும். பறித்தபின் எஞ்சும் பசுந்தட்டை மாடுகளுக்கு நல்ல தீவனமாகும்.

இளமரத்தின் ஐந்து இடையூறுகள்

முதலாவது, காலந் தவறிய செழிப்பு. குளிர்காலத்துக்கு முன் மரம் வளர்ச்சியை நிறுத்தி, மெல்லிய குருத்துகளைக் கட்டையாக முதிரச் செய்து உறங்க வேண்டும். பகல் குறைவதும் காற்றுக் குளிர்வதுமே அதற்கு அறிகுறிகள். கோடையின் பிற்பகுதியில் தழைச்சத்து உரமிட்டாலும், கிளைகளைக் கழித்தாலும் மரம் மறுபடியும் துளிர்க்கும். அத்துளிர் முதற்குளிரிலேயே கருகும். நடுவே சோளம் இருக்கும் தோட்டத்தில் இவ்வாபத்து அதிகம். சோளத்துக்கென்று இட்ட உரம் மரத்தின் வேருக்கும் எட்டிவிடக்கூடும். ஆகவே மேலுரம் மரத்துக்கு எட்டாத வரிசையில், கோடையின் முற்பகுதியிலேயே முடிந்துவிட வேண்டும்.

இரண்டாவது, குளிர்காலத்து வெயில். அந்த வடதேசத்தில் குளிர்காலத்துச் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்கிறது. பிற்பகலில் அதன் கிரணங்கள் மரத்தின் தென்மேற்குப் பக்கத்தில் நேராக விழுகின்றன. தரையிலுள்ள வெண்பனியும் வெயிலைத் திருப்பி அடிமரத்தின்மேல் வீசுகிறது. இதனால் அப்பக்கத்துப் பட்டை சூடேறி, உறக்கம் கலைந்து, உயிர்ப்புக் கொள்கிறது. சூரியன் மறைந்தவுடன் வெப்பம் திடீரென்று இறங்கிவிட, விழித்த பட்டை மடிகிறது. வசந்த காலத்தில் அவ்விடம் குழிந்து வெடித்து உரியும். வழவழப்பான மெல்லிய பட்டையையுடைய இளமரங்களுக்கே இத்தீங்கு மிகுதி. பரிகாரம் எளிது: ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அடிமரத்தை வெண்ணிற உறையால் சுற்றலாம், அல்லது நீர் கலந்த வெண்பூச்சுப் பூசலாம். வெள்ளை வெயிலைத் திருப்பிவிடும். பட்டை பகலிலும் குளிர்ந்தே இருக்கும். வசந்தம் வந்ததும் உறையை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காவிடின் ஈரமும் பூச்சியும் தங்கிப் பட்டையைக் கெடுக்கும்.

மூன்றாவது, எலியும் முயலும். பனிப்போர்வைக்கு அடியில் புல்வெளி எலிகள் வளை வழியே நடமாடி, உணவின்றி அடிமரப் பட்டையைக் கடிக்கின்றன. மேலே வெண்பனி மூடியிருப்பதால் தோட்டக்காரன் இதைக் காண்பதில்லை. பனி உருகியபின் பார்த்தால் மரம் சுற்றிலும் உரிக்கப்பட்டு வெறும் கட்டையாய் நிற்கும். இலை உண்டாக்கும் உணவு உள்பட்டை வழியாகவே வேருக்கு இறங்குகிறது. சுற்று முழுவதும் பட்டை போய்விட்டால் வேர் பட்டினியால் மடியும். ஓரிரு பருவம் இலைவிட்டாலும் மரம் பிழைப்பது அரிது. முயல்களோ பனியின்மேல் நின்றுகொண்டு அதற்கு மேலுள்ள பட்டையையும் கிளையையும் கடிக்கும்.

இதற்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைக் குழல்போல் வளைத்து, மரத்தில் படாதபடி சுற்றி நிறுத்த வேண்டும். அடி இரண்டு மூன்று அங்குலம் மண்ணுள் புதைந்திருக்க வேண்டும். மேலே, பனி தேங்கும் உயரத்துக்கு அப்பாலும் ஒன்றரை முதல் இரண்டு அடி நிற்க வேண்டும். பனியின் உயரத்தைக் கணக்கில் கொள்ளாமல் வலை கட்டுவது பொதுவான பிழை. மரத்தைச் சுற்றியுள்ள புல்லை ஒட்ட அறுத்துவிட வேண்டும். சோளத்தட்டைகளையும் உதிர்ந்த கதிர்களையும் மரத்தடியில் விடுவது எலிக்கு வீடும் சோறும் கொடுப்பதாகும். பெரும்பனி பெய்த பின்னர் மரத்தைச் சுற்றிக் காலால் மிதித்துப் பனியை இறுகச் செய்தால் எலியின் வழி அடைபடும். ஒருவன் தோட்டத்தைச் சுத்தமாக வைத்தும் அயலான் வரப்பில் புல் மண்டிக்கிடந்தால் எலி ஒழியாது. இதிலும் கூட்டு முயற்சியே பலன் தரும். கம்பிவலையை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதனால் செலவும் குறையும்.

நான்காவது, வேரின் குளிர். ஆப்பிளின் கிளை தாங்கும் குளிரை அதன் வேர் தாங்காது. வெண்பனி பருத்திப் பொதிபோல் மண்ணை மூடி வேரைக் காக்கிறது. பனி பெய்யாமல் குளிர் மாத்திரம் கடுமையாகும் வருஷமே அதிக ஆபத்தானது. அதற்காக மண் உறையத் தொடங்கியபின் வைக்கோல் முதலியவற்றை நான்கு முதல் ஆறு அங்குலக் கனத்துக்கு வேர்ப்பரப்பின்மேல் பரப்புவர். அடிமரத்தைச் சுற்றிச் சில அங்குலம் வெறுமையாக விடவேண்டும். மண் உறையுமுன் நன்றாக நீர் பாய்ச்சுவதும் அவசியம். வறண்ட மண்ணில் குளிர் ஆழமாக இறங்கும்.

ஐந்தாவது, வசந்தகாலத்து உறைபனி. விரிந்த ஆப்பிள் பூ பூஜ்யத்திற்குக் கீழே ஏறக்குறைய 2 டிகிரியில் சிறிதளவும், 4 டிகிரியில் பெரும்பாலும் மடியும். இது காய்ப்பு மரத்தார் கவலை. முதல் ஒன்றிரண்டு வருஷங்களில் மரம் உறுதிப்படும் பொருட்டுப் பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுவதே முறையாதலால், இளந்தோட்டக்காரன் இதற்காக உறக்கமிழக்க வேண்டுவதில்லை. ஆனால் தோட்டத்துக்கு இடம் தேடும்போதே இதை எண்ணவேண்டும். குளிர்காற்று கனமானது, தெளிந்த இரவில் நீரைப்போல் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் நட்ட மரம் பூவை இழக்கும். சரிவில் நட்ட மரம் தப்பும்.

கடிபட்ட மரத்தைப் பிழைப்பித்தல்

காவல் தவறிப் பட்டை சுற்றிலும் கடிபட்டாலும், மரம் ஓரளவு பெரியதாயின் பிழைப்பிக்க வழியுண்டு. அதற்குப் பால ஒட்டு என்று பெயரிடலாம். குளிர்காலத்தின் முடிவில், துளிர்க்குமுன், அதே ஜாதியிலோ குளிர் தாங்கும் வேறு ஆப்பிள் ஜாதியிலோ கடந்த வருஷத்துக் குச்சிகளை வெட்டி, ஈரமும் குளிர்ச்சியும் குன்றாமல் வைக்க வேண்டும். வசந்தத்தில் பட்டை எளிதில் கழலும் சமயத்தில் காயத்தின் ஓரங்களைச் சுத்தமாகச் சீவி, குச்சியின் அடிமுனையைக் காயத்துக்குக் கீழுள்ள பட்டையினுள்ளும், நுனிமுனையைக் காயத்துக்கு மேலுள்ள பட்டையினுள்ளும் செருகிச் சிற்றாணியால் இறுக்கி, ஒட்டுமெழுகால் மூட வேண்டும். சுற்றிலும் சுமார் இரண்டு அங்குலத்துக்கு ஒரு குச்சி வேண்டும். தலைகீழாகச் செருகினால் பயன்படாது. குச்சிகள் ஒட்டிக்கொண்டால் உணவு அவற்றின் வழியே வேருக்கு இறங்கும். பல வருஷ உழைப்பு ஒரு பிற்பகல் வேலையால் காக்கப்படுவதற்கு இது உதாரணம். ஆனால் சின்னஞ்சிறு கன்றாயின், ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேல் நல்ல பட்டை எஞ்சியிருந்தால் அதுவரையில் வெட்டிப் புதுத்துளிரை வளர்ப்பதே எளிது.

மாதவாரி வேலை

அவ்வட தேசத்தில் ஏப்ரலில் வெள்ளுறையை அவிழ்த்து மரத்தைப் பரிசோதிப்பர். மே மாதத்தில் மண்ணின் சூட்டைப் பார்த்துச் சோளம் விதைப்பர். ஜூன், ஜூலையில் களையெடுப்பும் மேலுரமும் முடியும். ஆகஸ்டில் கதிர் பறிப்பு நடைபெறும். செப்டம்பரில் மரத்துக்கு உரமும் கத்தியும் ஆகா. அக்டோபரில் தட்டையை அகற்றிப் புல்லறுத்து வலை நிறுத்தி, மண் உறையும் வரையில் நீர் பாய்ச்சுவர். நவம்பரில் வெள்ளுறையும் வைக்கோல் மூடாக்கும் அமையும். பனிக்காலத்தில் அடிக்கடி சென்று வலையைப் பார்த்துவருவர். பிப்ரவரி, மார்ச்சில் கிளை கழித்து ஒட்டுக்குச்சி சேகரிப்பர்.

தமிழ்நாட்டு மலைகளில்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பேரி, பிளம், பீச் முதலிய குளிர்நாட்டுப் பழங்கள் விளைகின்றன. குன்னூரில் இவற்றின் ஆராய்ச்சிக்கென்று 1920ஆம் வருஷத்தில் நிலையம் ஏற்பட்டது. அங்கே வெண்பனி பெய்து நிலம் மூடுவதில்லை. ஆகவே பனிக்கடியில் வரும் எலியைப் பற்றியோ மண் உறைவதைப் பற்றியோ அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுவது யாவரும் அறிந்ததே. தேயிலைச் செடிகளைப் பெரணித் தழையாலும் உலர்ந்த புல்லாலும் குடியானவர்கள் மூடிக் காப்பதும் அதனாலேயே. குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும் விதியும், காலந் தவறிய தழைச்சத்து துளிரைப் பலியிடும் விதியும், சோள மகரந்தம் வரப்பை மதியாத விதியும் மினசோட்டாவுக்கும் நீலகிரிக்கும் பொதுவானவையே. கன்று நடுமுன் குளிர்காலத்து விடியற்காலையில் தன் நிலத்தில் எங்கே பனி வெளுத்துக் கிடக்கிறது என்று பார்த்து வைப்பவன், செலவில்லாமலே பாதிக் காவலைச் செய்தவனாவான்.

மேற்கூறியவற்றுள் அரிய கருவியோ பெரும் மூலதனமோ வேண்டுவது ஒன்றுமில்லை. ஒரு முழம் கம்பிவலையும், சிறிது வெண்பூச்சும், அயலாருடன் ஒரு நாள் கலந்து பேசுதலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்காலம் வருமுன் செய்து முடிக்கும் சுறுசுறுப்புமே வேண்டும். கிடியன் பத்து வருஷம் இழந்து கற்றதை, இன்று தோட்டம் வைப்பவன் ஒரு கன்றும் இழக்காமலே அறிந்துகொள்ளலாம்.